கோவையிலிருந்து சாக்கன் போகிறேன்: மிருதங்கம், பறவை, மாடித்தோட்டம் எதை எடுத்துப்போவது?

பம்புசெட்_கோவை:

வணக்கம். பதினோரு வருடமாகக் கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். இப்போது புனே பக்கம் சாக்கனில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை 15 சேர வேண்டும். போகலாமா வேண்டாமா என்று கேட்க வரவில்லை, அதெல்லாம் வீட்டில் பேசி முடிந்துவிட்டது. மனைவியும் பெண்ணும் (ஒண்ணாவது படிக்கிறாள்) பள்ளிக்கூட வருடம் முடிந்து ஏப்ரலில் வருவார்கள். அதுவரை ஒன்பது மாதம் நான் தனிக்கட்டை.

என் கேள்வி வேறு. எட்டு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். கச்சேரி வாசிக்கிற ஆள் இல்லை, மார்கழியில் எங்கள் தெரு பஜனைக்கு வாசிப்பேன், அவ்வளவுதான். புதன் சாயங்காலம் வாத்தியார் வீடு, ஞாயிறு விடிகாலை சிங்காநல்லூர் குளமோ சூலூர் குளமோ பைனாகுலரோடு ஒரு நடை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஐந்து வருடமாக ஒரு வருடம் கூட விடவில்லை. மூன்றாவதாக மொட்டை மாடியில் அறுபது பை வைத்துத் தோட்டம். புதுக் கம்பெனியில் சாமான் ஏற்றிப்போகக் காசு தருகிறார்கள், கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கணக்கு இருக்கிறது, இந்த மூன்றுக்கும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் "பொழைக்கப் போற இடத்துல மத்தளம் என்னத்துக்குடா" என்கிறார்.

புனே ஈரத்துக்கு மிருதங்கம் தாங்குமா, அங்கே பழுது பார்க்க ஆள் உண்டா, வீடு சாக்கனிலேயே எடுப்பதா ஊருக்குள் எடுப்பதா, பறவை பார்க்க எங்கே போவது, எட்டு வருடப் பழைய ஸ்கூட்டரைக் கொண்டுபோவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரும்பிவந்தவன்:

நான் குர்காவனில் நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். கிடார், செஸ் கிளாக், ஷட்டில் மட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஆறு மாதம் கேஸ் இணைப்பு, வங்கி முகவரி, வீட்டுக்காரர், புது மேலாளர் என்று போனது. சுவரில் சாய்த்து வைத்த கிடார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அது வேறு தனிக் குற்ற உணர்ச்சி. என் யோசனை, ஒன்றும் எடுத்துப்போகாதீர்கள். வேலை நிலைக்கட்டும், குடும்பம் வரட்டும், அப்புறம் ஒன்று ஒன்றாகக் கொண்டுபோகலாம்.

மாடித்தோட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள்.

தொப்பி_ரவை:

மேலே சொன்னவரோடு தோட்டத்தில் மட்டும் உடன்படுகிறேன். மற்றதில் இல்லை. ஆறு மாதம் விட்ட கை திரும்ப வராது, வந்தாலும் பழைய வேகம் வராது, இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

நான் திருச்சிக்காரன், பிம்ப்ரி சிஞ்ச்வட் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, உங்களை மாதிரியே கச்சேரி வாசிக்காத மிருதங்கக்காரன். முதலில் வீட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் பொழுதுபோக்கு இருக்குமா போகுமா என்பதை அதுதான் முடிவு செய்யும். புனே ஊருக்குள் வீடு எடுக்காதீர்கள். வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர் என்று காட்டும், நாசிக் சாலையில் சாயங்காலம் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் இரண்டு மணி நேரம் கூட ஆகும், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவே தெம்பு இருக்காது. சாக்கனிலேயே எடுத்தால் ஆபீஸ் பக்கம், ஆனால் சாயங்காலம் ஆனால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவே மோஷி, போசரி, நிக்டி இந்த மூன்றில் பாருங்கள். இங்கே வாடகை ஒப்பந்தத்துக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று பெயர், வழக்கமாகப் பதினோரு மாதம், எத்தனை மாதமானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது மகாராஷ்டிரா வாடகைச் சட்டம். பதிவை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி நீட்டினால் வாங்காதீர்கள், மற்ற எல்லா இடத்திலும் முகவரிச் சான்றாக அந்தப் பதிவுப் பிரதியைத்தான் கேட்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே "நான் மிருதங்கம் வாசிப்பேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

சொல்லாததால் என்ன ஆயிற்று என்றால், குடிவந்த மூன்றாவது வாரம் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் மராத்தியில் நீளமாக ஒரு செய்தி. எனக்கு எழுத்து கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது, அலுவலகத்தில் ஒரு பையனிடம் காட்டினேன், அவன் சிரித்துக்கொண்டே "அண்ணா, நாலாவது மாடியில் யாரோ சுவரை இடிக்கிறார்களாம்" என்றான். அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுப் பெரியவர் கதவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்பதற்குள் "மிருதங்?" என்றார். ஆமாம் என்றேன். கொண்டுவா என்று கையைக் காட்டினார்.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற வார்கரிகள் தங்கள் பக்வாஜை (நம் மிருதங்கம் மாதிரி இரண்டு பக்கமும் தோல் போட்ட வாத்தியம்) மிருதங் என்றுதான் சொல்வார்கள். பெரியவர் அடுத்த வாரமே என்னை ஆளந்திக்குக் கூட்டிப்போனார், ஞானேஸ்வரர் சமாதி இருக்கிற ஊர், உங்கள் சாக்கனிலிருந்து ரொம்பக் கிட்டம். இந்திராயணி ஆற்றங்கரை, கீர்த்தனமும் பக்வாஜும் கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். அவர்களில் ஒருவன் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி இடது பக்கத் தோலில் சப்பாத்தி மாதிரி அப்பிக்கொண்டிருந்தான். நான் டப்பாவைத் திறந்து, நம் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) அப்புகிற ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அவன் என் ரவையைத் தொட்டுப் பார்த்தான், நான் அவன் மாவைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் என் மிருதங்கத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து "கட்டே எங்கே" என்று கேட்டான். அவர்களுக்கு வாருக்கு அடியில் உருண்டைக் கட்டைகள் சொருகியிருக்கும், சுத்தியால் அதைத் தட்டித்தான் சுருதி கூட்டுவார்கள். நம்முடையதில் வெறும் வார்தானே. கல்லை எடுத்து மூட்டு (வாயை மூடுகிற தோல்) ஓரத்தில் நான் தட்டிக் காட்டியதும் நாலு பையன்கள் கூடிவிட்டார்கள். பஜனைக்கு அவர்கள் வாசிக்கிற டேகா (தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டு) எட்டு மாத்திரை, நமக்கு ஆதி தாளம் கையில் ஊறியது, முதல் நாளே ஒட்டிக்கொண்டு போகலாம். நடை வேறு, அழுத்தம் விழுகிற இடம் வேறு, அதெல்லாம் போகப் போக வரும். தஞ்சாவூரில் மராத்தியர் ஆண்ட காலத்திலேயே அபங்கம் (மராத்தி பக்திப் பாட்டு) நம் பஜனை சம்பிரதாயத்தில் கலந்ததுதான், உங்கள் தெரு பஜனையிலும் இரண்டு அபங்கம் கட்டாயம் இருக்கும். ஆகவே மிருதங்கம் வாசிக்க இடம் இருக்குமா என்று கவலைப்படாதீர்கள், இந்தியாவிலேயே நீங்கள் போய் விழுகிற இடம் நல்ல இடம்.

கவலைப்பட வேண்டியது பழுதுக்கு. தபலா, பக்வாஜ் செய்பவர்கள் புனேயில் நிறைய, ஆனால் நம் மூட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை, தெரிந்த மாதிரி வாங்கிவைத்துக்கொண்டு ஒரு முறை என் வலந்தலையை (வலது பக்கம்) பாழாக்கினார் ஒருவர். நீங்கள் கோவைக்காரர், பெருவெம்பு பக்கத்திலேயே இருக்கிறது, தோல்வாத்தியம் செய்கிற ஊர். கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய் இரண்டு பக்கமும் புது மூட்டு போட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கேயே காட்டுங்கள். ஜூலையில் வருகிறீர்கள், இங்கே மழை கொட்டாது, வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், துவைத்த துணி மூன்று நாள் காயாது. தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும், தட்டித் தட்டி ஏற்றாதீர்கள், மழை நின்றதும் அது தானாக ஏறும்போது மூட்டு பிய்யும். அலமாரிக்குள் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டமாக வையுங்கள். சாமான் லாரியில் மட்டும் ஏற்றவே வேண்டாம். லோகமான்ய திலக் எக்ஸ்பிரஸ் கோவையிலிருந்து புனே வழியாகத்தான் போகிறது, பக்கத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வாத்தியாரை விடாதீர்கள். ஜூமில் வகுப்பு நடக்கும், சேர்ந்து வாசிக்க முடியாது, அவர் வாசித்து முடித்ததும் நீங்கள் வாசிக்கலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள், அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள், இரண்டு பக்கமும். இல்லாவிட்டால் மிருதங்கச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அது விழுங்கிவிடும். என் வாத்தியார் ஒரு மாதம் முழுக்க "தொப்பியே கேட்கலையேப்பா" என்று திட்டினார், தப்பு என் கை மேல் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. உங்களுக்கு வார விடுமுறை ஞாயிறா, வியாழனா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கூந்தன்குளத்துக்காரி:

தொப்பி அண்ணன் வியாழனைக் கேட்டது சும்மா இல்லை, இந்தப் பக்கத் தொழிற்பேட்டைகளில் நிறைய கம்பெனிக்கு வியாழன்தான் லீவு, வெளியூரிலிருந்து வருகிற யாருக்கும் யாரும் முன்னாடியே சொல்வதில்லை.

நான் பறவைக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம், இப்போது நிக்டியில் ஆறு வருடம். வந்த புதிதில் ஊரில் பார்த்ததையெல்லாம் இங்கே தேடித் தேடி ஒரு வருடத்தை வீணாக்கினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஜூலையில் வருகிறீர்கள், அப்போது நீர்ப்பறவைக்குப் போனால் ஒன்றும் இருக்காது, படகும் போகாது. அந்த மாதத்தில் மின்கம்பியைப் பாருங்கள். சுடலைக்குயில் உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் வருடம் முழுக்கப் பார்ப்பதால் நாம் கண்டுகொள்வதில்லை, இங்கே அது மழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற விருந்தாளி, சாதக் என்று பெயர், முதல் சாதக் கேட்டதா என்று மழைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் புல்வெளிப் பக்கம் தூக்கணாங்குருவி மஞ்சள் கட்டிக்கொண்டு கூடு பின்னும். அதற்கு எங்கேயும் போக வேண்டாம், மோஷியில் வீடு எடுத்தால் காலி மனைகளிலேயே பார்க்கலாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து கவடி. சோலாப்பூர் சாலையில், புனேயிலிருந்து இருபது கிலோமீட்டர் போல, முளா-முட்டா ஆறு. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நாற்றம் அடிக்கும், ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான், பிளாஸ்டிக் பை கிளை கிளையாகத் தொங்கும். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அப்போது பனிக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி, பாறை மேல், ஒன்று கழுத்தை நீட்டி "ஆங்" என்று கூப்பிட்டது. கருடத்தாரா. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் "சக்ரவாக்" என்றாள். சக்கரவாகம்! ராத்திரி ஜோடி பிரிந்து ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று பள்ளியில் படித்ததெல்லாம் இந்தப் பறவையைத்தான் என்று எனக்கு முப்பத்தொரு வயதில் சாக்கடை ஆற்றங்கரையில் தெரிந்தது. (மிருதங்கக்காரர்களுக்கு அது ராகம். எங்களுக்கு வாத்து.)

அப்புறம் பிக்வண். புனேயிலிருந்து நூறு கிலோமீட்டர், உஜனி அணையின் பின்தண்ணீர். டிசம்பர் முதல் மார்ச் வரை, மீன்பிடிக்கிறவர்களே படகில் கூட்டிப்போவார்கள், தண்ணீர் இறங்க இறங்கப் பூநாரை கூடும். வரித்தலை வாத்தும் வரும், கூந்தன்குளத்தில் பார்த்துப் பழகிய அதே வாத்து, எனக்குச் சொந்தக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. ஜனவரியில் பொங்கல் கணக்கெடுப்பு உங்களுக்குத் தப்பும், அதற்குப் பதிலாக நவம்பர் 5 முதல் 12 வரை இங்கே பறவை வாரம், பக்ஷி சப்தாஹ் என்பார்கள். மாருதி சிதம்பள்ளி பிறந்த நாளில் தொடங்கி சாலிம் அலி பிறந்த நாளில் முடியும். அந்த வாரத்தில் நடக்கும் ஏதாவது ஒரு நடைக்குப் போய்விட்டால் போதும், குழுக்கள் தானாகக் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் இருபது பறவைக்கு மராத்திப் பெயர் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். மொழி வராவிட்டாலும் பறவையின் பெயர் தெரிந்தால் ஆள் சேர்த்துக்கொள்வார்கள்.

பெண் வந்த பிறகு பீமாசங்கர் கூட்டிப்போங்கள். அங்கே மலையணில் இருக்கிறது, இங்கே ஷேக்ரு, மாநில விலங்கு. டாப்ஸ்லிப்பில் பார்த்திருப்பாள், அடையாளம் சொல்லிவிடுவாள்.

நாசிக்ரோடு:

ஸ்கூட்டருக்கு மட்டும் பதில். எட்டு வருட வண்டி என்றால் விற்றுவிட்டு இங்கே பழையது ஒன்று வாங்குங்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு உங்கள் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்கணும், இங்கே வரி கட்டணும், அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு அலையணும். எட்டு வருட வண்டியின் மதிப்புக்கு அந்த அலைச்சல் கட்டுப்படி ஆகாது. மனசு கேட்கவில்லை என்றால் ரயில் பார்சலில் போடலாம், பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, ஆர்சி, இன்சூரன்ஸ் பிரதி கொடுத்து, சாக்குச் சுற்றி. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையது இரண்டும் போச்சு.

பம்புசெட்_கோவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், சப்பாத்தி மாவு கதைக்கு அவள் சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை.

முடிவு இப்படி: தோட்டத்தை மாடி வீட்டு அக்காவுக்குக் கொடுத்தாச்சு, கறிவேப்பிலை ஒன்று மட்டும் மனைவி விடமாட்டேன் என்கிறாள், அது அவளோடு ஏப்ரலில் வரட்டும். ஸ்கூட்டருக்கு விலை பேசியாச்சு. வரும் சனிக்கிழமை பெருவெம்பு போகிறேன். திரும்பிவந்தவன் சார், நீங்கள் சொன்னதும் மனதில் இருக்கிறது, அதனால் பைனாகுலரும் மிருதங்கமும் தவிர வேறு ஒன்றும் எடுக்கவில்லை, கேரம் போர்டைக் கூட விட்டுவிட்டேன்.

கம்பெனியில் கேட்டேன். வியாழன்தான். ஞாயிறு முழு வேலை நாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பறவை நடை எதற்கும் வர முடியாது, வாத்தியாருக்கும் ஞாயிறுதான் ஒழிவு. இதை யோசிக்கவே இல்லை.

கூந்தன்குளத்துக்காரி:

நினைத்தேன். பதறாதீர்கள், பிக்வணுக்கு வியாழன்தான் நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமை படகுக்குப் படகு கேமரா, பூநாரை பக்கம் போகவே விடாமல் விரட்டுவார்கள். என் கணவருக்கும் வியாழன் லீவு, அவரோடு நான் மாதம் ஒரு வியாழன் போவேன். டிசம்பர் முதல் வாரம் வண்டியில் ஒரு இடம் காலி, பெட்ரோல் பங்கு போட்டுக்கொள்ளலாம். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவோம், நாலு என்றால் நாலு.

திரும்பிவந்தவன்:

கேரம் போர்டை விட்டது நல்லது. மிருதங்கத்தை எடுத்துப்போவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் ஆளந்தி பற்றி எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இங்கே வந்து எழுதுங்கள், பார்ப்போம்.

தொப்பி_ரவை:

வாத்தியாரிடம் வியாழன் ராத்திரி எட்டரைக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள், கொடுப்பார். பகலில் வேண்டாம், இந்தப் பக்கம் கரண்ட் பராமரிப்பும் வியாழன்தான், நடுவில் போகும். கீழ்வீட்டுப் பெரியவர் இப்போதும் இருக்கிறார், ஹரிபாட் (ஞானேஸ்வரரின் அபங்கங்கள்) சொல்கிற நேரத்துக்கு வந்தால் உங்களையும் உட்கார வைத்துவிடுவார்.

பம்புசெட்_கோவை:

எட்டரை சரி என்று சொல்லிவிட்டார். கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: தொப்பிக்கு ரவை அங்கே கடையில் எப்படிக் கேட்பது?

தொப்பி_ரவை:

ரவா என்றே கேளுங்கள், அதே பேர்தான். 'பாரிக்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், மெல்லியது கொடுப்பார்கள். சும்மா விட்டால் பருமனாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அது தொப்பியில் ஒட்டாது, முதல் தீர்மானத்திலேயே (முத்தாய்ப்பு) மடியில் கொட்டும்.